ஆறு லட்சம் டாலரை எங்கே கொடுப்பது? ஃபிலடெல்ஃபியாவின் இனச் சமத்துவ நல்கைகள்: ஓர் ஒப்பீடு

அமெரிக்க நகரங்களில் இயங்கும் சமூக அறக்கட்டளைகள் தங்கள் நல்கை (மானிய) அறிவிப்புகளில் இரண்டு நோக்கங்களை அடுத்தடுத்து எழுதுகின்றன: இனச் சமத்துவம், நிதி நலம். இரண்டையும் ஒரே வரியில் எழுதிவிடலாம். ஒரே தொகையால் இரண்டையும் அடைவது கடினம். இம்மாத வாடகையையும் மருத்துவச் செலவையும் ஒரு குடும்பம் அச்சமின்றிச் செலுத்த முடிவது நிதி நலம். அந்தக் குடும்பத்துக்கும் நகரின் மறுபுறத்தில் வாழும் வெள்ளையினக் குடும்பத்துக்கும் இடையே பல தலைமுறைகளாக விரிந்துவிட்ட சொத்து இடைவெளி சுருங்குவது இனச் சமத்துவம். முதலாவதை நன்றாகச் செய்யும் ஒரு திட்டம் இரண்டாவதைத் தொடாமலேயே முடிந்துவிடக்கூடும். எந்தத் திட்டத்துக்குப் பணம் தருவது என்று முடிவெடுக்கும் குழு முதலில் மனத்தில் நிறுத்த வேண்டிய வேறுபாடு இதுதான் என்று கருதுகிறேன்.

ஒப்பீடு தெளிவாக அமைவதற்காக ஓர் இடத்தையும் ஒரு தொகையையும் எடுத்துக்கொள்கிறேன். இடம், மக்களில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கினர் கறுப்பினத்தவராக உள்ள ஃபிலடெல்ஃபியா. தொகை, எடுத்துக்காட்டாக, மூன்று ஆண்டுகளுக்கு 6 லட்சம் டாலர். நகரம் முழுவதற்கும் இது சிறு தொகை. ஓரிரு பேட்டைகளுக்கு மட்டும் செலவிடுவதானால் ஒரு வேலையை உருப்படியாகச் செய்து முடிக்கப் போதுமான தொகை. அமெரிக்காவில் வாழும் தமிழர் பலர் இன்று இத்தகைய அறக்கட்டளைகளுக்கு நன்கொடை தருகின்றனர், ஒதுக்கீட்டுக் குழுக்களிலும் அமர்கின்றனர். அவர்களையும் மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

இடைவெளியின் அளவை முதலில் பார்க்க வேண்டும். அமெரிக்க மத்திய வங்கி 2022-இல் நடத்திய குடும்ப நிதி ஆய்வின்படி, ஒவ்வோர் இனத்தின் குடும்பங்களையும் சொத்து வாரியாக வரிசைப்படுத்தினால், வெள்ளையினத்தவரில் நடுவில் நிற்கும் குடும்பத்தின் நிகரச் சொத்து 2,85,000 டாலர். லத்தீன் அமெரிக்க வழிவந்த குடும்பத்துக்கு அது 61,600 டாலர். கறுப்பினக் குடும்பத்துக்கு 44,900 டாலர். அந்த ஆய்வில் ஆசியக் குடும்பங்களுக்கான தொகை 5,36,000 டாலர். தமிழர்களும் அந்தக் கடைசிப் பிரிவிலேயே எண்ணப்படுகின்றனர். நம்மில் பலர் பட்டம் பெற்று, வேலை விசாவில் வந்து, கல்வியால் உயர்ந்தவர்கள். ஆகவே, உதவி என்றதும் நம் மனம் இயல்பாகக் கல்வியையும் பயிற்சியையும் நோக்கியே செல்கிறது. நம்மை எது உயர்த்தியதோ அது பிறரையும் உயர்த்தும் என்ற எண்ணம் நல்ல மனத்திலிருந்து வருவதுதான். ஆயினும் ஃபிலடெல்ஃபியாவின் இடைவெளி வேறு வழியில் உருவானது.

1930-களில் கூட்டரசின் (அமெரிக்க மத்திய அரசின்) வீட்டுக்கடன் நிறுவனம் நகரங்களின் வரைபடங்களில் கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளைச் சிவப்பு வண்ணத்தால் குறித்து, அவற்றைக் கடன் தருவதற்கு ஆபத்தான பகுதிகள் என வகைப்படுத்தியது. 1934-இல் தொடங்கப்பட்ட கூட்டரசு வீட்டுவசதி நிர்வாகம், புறநகர்களில் வெள்ளையினக் குடும்பங்கள் வாங்கிய வீடுகளின் கடனுக்கு உத்தரவாதம் அளித்தபோது, அதே உத்தரவாதத்தைக் கறுப்பினப் பேட்டைகளுக்கு மறுத்தது. வீட்டு விற்பனையிலும் வாடகையிலும் இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் 1968-இல்தான் வந்தது. இடைப்பட்ட முப்பத்து நான்கு ஆண்டுகளில் ஒரு சாரார் வாங்கிய வீடு விலை ஏறி, பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணமாகவும் பேரப்பிள்ளைகளின் முன்பணமாகவும் மாறியது. மற்றொரு சாராருக்கு அந்த வாசலே திறக்கப்படவில்லை. வீட்டின் வழியாக உருவாக்கப்பட்ட இடைவெளியை அளக்கும்போது, குடும்பத்தின் உடைமைக்கு என்ன நேர்ந்தது என்பதையே முதன்மையான அளவுகோலாகக் கொள்ள வேண்டும்.

இந்த அளவுகோலுடன் முதலில் நிதி ஆலோசனைத் திட்டங்களைப் பார்க்கலாம், ஏனெனில் விண்ணப்பங்களில் பெரும் பகுதி இவ்வகையிலேயே வருகிறது. இதற்குள் இரண்டு வகைகள் உண்டு. ஒன்று, வகுப்பறையில் பலரை அமர்த்தி வரவு-செலவு, சேமிப்பு, வட்டி ஆகியவற்றைக் கற்பிப்பது. நிதிக் கல்வி குறித்த 201 ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் வெளியான ஒரு பகுப்பாய்வு, மக்களின் நிதி நடத்தையில் காணப்படும் வேறுபாட்டில் 0.1 விழுக்காட்டை மட்டுமே இத்தகைய வகுப்புகளால் விளக்க முடிகிறது என்றும், கற்பித்ததன் விளைவு காலப்போக்கில் தேய்ந்துவிடுகிறது என்றும் காட்டியது. அத்தனை ஆய்வுகளை ஒன்றுசேர்த்துச் சொல்லப்பட்ட முடிவை ஓர் ஒதுக்கீட்டுக் குழு ஒதுக்கிவிட முடியாது. மற்றொன்று, பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவர் ஒரே குடும்பத்துடன் பலமுறை அமர்ந்து, கடன் அறிக்கையைத் திறந்து வைத்து, தவறான பதிவை நீக்கக் கடிதம் எழுதி, வசூல் நிறுவனத்துடன் பேசி உதவுவது. 2008-இல் நியூயார்க் நகரம் தொடங்கிய இந்த முறை 2013-இல் ஃபிலடெல்ஃபியாவுக்கும் வந்தது. இது பயன்தரும் பணி. கடன் சுமையைக் குறைத்து உடனடி நிதி நலத்தைக் கூட்டுகிறது. ஆனால் நகரமே நடத்தும் ஓர் அமைப்பில் ஒரு சிறு நல்கை சேர்க்கக்கூடியது மிகக் குறைவு.

வகுப்பறை வகையில் எனக்கு மற்றொரு வருத்தமும் உண்டு. கூட்டரசு வைப்புக் காப்பீட்டுக் கழகத்தின் 2023-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், வங்கிக் கணக்கே இல்லாத குடும்பங்கள் வெள்ளையினத்தவரில் 1.9 விழுக்காடு, கறுப்பினத்தவரில் 10.6 விழுக்காடு. இந்த எண்ணைக் காட்டி, மக்களுக்கு வங்கியைப் பற்றித் தெரியவில்லை, கற்பிப்போம் என்று எழுதப்படும் விண்ணப்பங்கள் வரலாற்றை மறந்தவை. விடுதலை பெற்ற அடிமைகளுக்கென 1865-இல் நிறுவப்பட்ட ஃப்ரீட்மென் சேமிப்பு வங்கியை மக்கள் நம்பினர். உழைத்த காசைக் கொண்டுபோய்ப் போட்டனர். ஃபிலடெல்ஃபியாவிலும் அதற்குக் கிளை இருந்தது. வெள்ளையின நிர்வாகிகளின் தவறான முதலீடுகளால் வங்கி நிலைகுலைந்த பின்னர், 1874 மார்ச்சில் அடிமை ஒழிப்புப் போராளி ஃபிரெடெரிக் டக்ளஸ் தலைவராக்கப்பட்டு, தம் சொந்தப் பணத்தில் 10,000 டாலரை அதில் இட்டும் அதைக் காப்பாற்ற முடியவில்லை. அவ்வாண்டு ஜூனில் வங்கி மூடப்பட்டபோது 61,144 வைப்பாளர்கள் ஏறத்தாழ 30 லட்சம் டாலரை இழந்தனர். அந்த மக்களின் வழித்தோன்றல்களுக்குச் சேமிப்பின் அருமையைப் பாடமாக நடத்தப் பணம் ஒதுக்குவதில் ஒரு மரியாதைக் குறைவும் இருக்கிறது.

அடுத்தது, நிபந்தனையின்றி மாதந்தோறும் பணம் தருவது. இதன் ஆதரவாளர்கள் சொல்வதில் உண்மை உள்ளது. கலிஃபோர்னியாவின் ஸ்டாக்டனில், மைக்கேல் டப்ஸ் மேயராக இருந்தபோது, 2019 பிப்ரவரி முதல் 125 பேருக்கு மாதம் 500 டாலர் வீதம் 24 மாதங்கள் தரப்பட்டது. முதல் ஆண்டில் முழுநேர வேலையில் இருந்தோர் பணம் பெற்றவர்களிடையே 28 விழுக்காட்டிலிருந்து 40 ஆக உயர்ந்தனர். பெறாத ஒப்பீட்டுக் குழுவில் 32-இலிருந்து 37 ஆகவே உயர்ந்தனர். மிசிசிப்பியின் ஜாக்சனில் 2018-இல் தொடங்கிய மக்னோலியா தாய்மார் அறநிதி, அரசு உதவி பெறும் குடியிருப்புகளில் வாழும் கறுப்பினத் தாய்மாருக்கு ஓராண்டுக்கு மாதம் 1,000 டாலர் தருகிறது. ஏழைகளுக்குப் பணத்தைக் கையாளத் தெரியாது என்ற பழிச்சொல்லை இத்திட்டங்கள் உடைத்திருக்கின்றன, அதற்காக அவற்றை மதிக்கிறேன்.

ஆனால் சொத்து இடைவெளி என்ற அளவுகோலில் விடை வேறு. டெக்சஸ், இல்லினாய் மாநிலங்களில் 1,000 பேருக்கு மூன்று ஆண்டுகள் மாதம் 1,000 டாலர் தந்து நடத்தப்பட்டு, 2024-இல் முடிவுகள் வெளியான பெரிய ஆய்வில், பெற்றவர்களின் கையிருப்பும் உடைமையும் சற்றே கூடின, கடனும் அதற்கு ஈடாகக் கூடியது, நிகரச் சொத்தில் ஏறத்தாழ மாற்றமே இல்லை. மாதப் பணம் வாழ்க்கையை இலகுவாக்குகிறது. அது நின்ற பின்பு குடும்பத்தின் கையில் நிலையாக ஏதும் தங்குவதில்லை. நம் 6 லட்சத்தைக் கணக்கிட்டால், ஸ்டாக்டன் அளவில் ஒருவருக்கு 12,000 டாலர் வீதம், நிர்வாகச் செலவே இல்லை என்று கொண்டாலும் 50 பேருக்குத்தான் தர முடியும். அந்த 50 பேரிலும் மாற்றுத்திறனாளிகளுக்கான கூட்டரசு உதவி பெறுபவர் இருந்தால், தனிநபரிடம் 2,000 டாலருக்கு மேல் இருப்பு இருக்கக் கூடாது என்று 1989 முதல் மாறாமல் நிற்கும் வரம்பு குறுக்கே வரும். சேமித்தால் உதவி பறிபோகும் என்பதால் சேமிக்காமல் செலவழிக்க வேண்டிய நிலையை நம் நல்கையே உருவாக்கும்.

இதில் ஒரு விதிவிலக்கை மட்டும் ஏற்பேன். ஃபிலடெல்ஃபியாவில் 2024-இல் தொடங்கிய ஜாய் பேங்க் திட்டம் காப்ஸ் கிரீக், ஸ்ட்ராபெரி மேன்ஷன், நைஸ்டவுன்-டயோகா ஆகிய மூன்று பேட்டைகளில் கருவுற்றிருக்கும் பெண்களுக்குப் பேறுகாலத்திலும் குழந்தையின் முதல் ஆண்டிலும் மாதம் 1,000 டாலர் தருகிறது. மிகக் குறைந்த எடையில் குழந்தைகள் பிறக்கும் விகிதம் கூடுதலாக உள்ள பேட்டைகள் என்பதால் அவை தேர்ந்தெடுக்கப்பட்டன. ஒரு குறிப்பிட்ட காலத்தில் பணமில்லாமை உயிருக்கே தீங்காகும் இடத்தில், சொத்து இடைவெளியைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பது பொருந்தாது. அத்திட்டத்துக்குப் பணம் தேவை என்றால் தனியாகத் தர வேண்டும். இந்த 6 லட்சத்தின் நோக்கத்தோடு அதைக் கலக்க வேண்டியதில்லை.

பிறக்கும் குழந்தையின் பெயரில் முதலீடு செய்வது குறித்துச் சுருக்கமாகச் சொன்னால் போதும். கனெக்டிகட் மாநிலம் 2023 ஜூலை 1 முதல், ஏழைகளுக்கான மாநில மருத்துவக் காப்பீட்டின் கீழ்ப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் 3,200 டாலரை முதலீடு செய்கிறது. குழந்தை 18 வயதை எட்டிய பிறகு அந்தத் தொகையை வீடு, தொழில், கல்வி, ஓய்வுக்காலச் சேமிப்பு ஆகியவற்றுக்குப் பயன்படுத்தலாம். இனச் சொத்து இடைவெளியை நேரடியாகக் குறிவைக்கும் சிந்தனைகளில் இதுவே சிறந்தது. ஆயினும் பதினெட்டு ஆண்டுகள் காத்திருக்கும் ஆற்றல் அரசுக்குத்தான் உண்டு. நம் தொகை 187 குழந்தைகளோடு தீர்ந்துவிடும். அடுத்த தெருவில் அடுத்த மாதம் பிறக்கும் குழந்தைக்கு என்ன பதில் சொல்வது? ஃபிலடெல்ஃபியா அமைந்துள்ள பென்சில்வேனியா மாநிலம் 2019 முதல் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் கல்விக்கென 100 டாலரை ஏற்கெனவே ஒதுக்குகிறது. அந்தத் தொகையை உயர்த்தச் சொல்லிச் சட்டமன்றத்தில் வாதாடுவது பெரும் பணி, ஆனால் அது இந்த நல்கையின் பணியன்று.

சிறுதொழில் நல்கைகள் பற்றிய பேச்சு இப்போது சட்டத்தைத் தவிர்த்து நடக்க முடியாது. அட்லாண்டாவின் ஃபியர்லெஸ் ஃபண்ட் நிறுவனம் கறுப்பினப் பெண் தொழில்முனைவோருக்கு மட்டும் என்று அறிவித்து 20,000 டாலர் நல்கைப் போட்டியை நடத்தியது. ஒப்பந்தம் செய்துகொள்ளும் உரிமையில் இனப் பாகுபாடு கூடாது என்று, விடுதலை பெற்ற அடிமைகளைக் காப்பதற்காக 1866-இல் இயற்றப்பட்ட சட்டத்தையே ஆயுதமாக்கி, 2023 ஆகஸ்டில் அதன் மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. 2024 ஜூனில் பதினோராவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தப் போட்டியைத் தடைசெய்தது. செப்டம்பரில் நிறுவனம் சமரசத்துக்கு உடன்பட்டுப் போட்டியைக் கைவிட்டது. அந்தத் தீர்ப்பு அலபாமா, ஃப்ளோரிடா, ஜார்ஜியா மாநிலங்களையே கட்டுப்படுத்தும், பென்சில்வேனியாவை அன்று. எனினும் அதன் அச்சம் நாடெங்கும் பரவி, பல அறக்கட்டளைகள் இனம் என்ற சொல்லையே அறிவிப்புகளிலிருந்து நீக்கின. இந்தச் சட்டத்தின் வரலாறு தெரிந்த எவருக்கும் இது வலிக்கும்.

அந்த வலியையும் மீறி ஒரு நடைமுறைக் கேள்வி நிற்கிறது: விண்ணப்பதாரரின் இனத்தைத் தகுதியாகக் கேட்காமல், இன அநீதியால் பாதிக்கப்பட்டவரையே பணம் சென்றடையச் செய்ய முடியுமா? பேட்டையைத் தகுதியாக வைப்பது ஒரு வழி. ஆனால் நகரின் நடுப்பகுதியை ஒட்டிய பழைய கறுப்பினப் பேட்டைகளில் இன்று வசதியான புதியவர்கள் குடியேறி வருகின்றனர். அஞ்சல் குறியீட்டு எண்ணை மட்டும் பார்த்தால் அவர்களும் தகுதி பெறுவர். வருமான வரம்பை வைத்தாலும், இன்று படித்துக்கொண்டிருக்கும் மாணவரும் மூன்று தலைமுறையாக அங்கே வாழும் முதியவரும் ஒரே வரிசையில் நிற்பர். சிக்கலே தனக்குரிய மக்களைத் தானாகத் தேர்ந்தெடுக்கும்படி அமைந்த திட்டம்தான் இதற்குத் தக்க விடை. மீதமுள்ள இரண்டு தெரிவுகளையும் நான் உயர்வாக மதிப்பதற்கு இதுவே முதற்காரணம்.

அவற்றில் ஒன்று தமிழருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதன்று. அது சீட்டு. சான்ஃபிரான்சிஸ்கோவின் மிஷன் பகுதியில் 2007-இல் தொடங்கிய மிஷன் அசெட் ஃபண்ட் என்ற அமைப்பு, மெக்சிகோக் குடியேறிகள் தமக்குள் போட்டுவந்த சீட்டை எடுத்து, அதற்கு ஓர் ஒப்பந்தப் பத்திரத்தையும், மாதத் தவணைகளைக் கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தெரிவிக்கும் ஏற்பாட்டையும் சேர்த்தது. பத்துப் பேர் மாதம் 100 டாலர் வீதம் போட்டால், ஒவ்வொரு மாதமும் ஒருவர் 1,000 டாலரை எடுக்கிறார். நம் ஏலச் சீட்டில் உள்ளதுபோல் கசர் இல்லை, வட்டியும் இல்லை. ஒழுங்காகக் கட்டிய தவணை ஒவ்வொன்றும் கடன் வரலாறாகப் பதிவாகிறது. பங்கேற்றோரை ஆராய்ந்த மதிப்பீடு ஒன்றில் கடன் மதிப்பெண் சராசரியாக 168 புள்ளிகள் உயர்ந்ததாகக் கண்டறியப்பட்டது. வட்டியில்லாத இத்தகைய கடன்களை முறைப்படி ஏற்கும் சட்டத்தைக் கலிஃபோர்னியா 2014-இல் இயற்றியது. சிபில் மதிப்பெண்ணால் கடன் மறுக்கப்பட்ட அனுபவம் உள்ள எவருக்கும் இதன் பயன் விளங்கும்: மதிப்பெண்ணே இல்லாதவர் வாடகைக்கு வீடு பிடிப்பதும் அங்கே கடினம், கார் கடனுக்கு அவர் தரும் வட்டியும் கொடியது.

ஃபிலடெல்ஃபியாவுக்கு இந்த முறை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டிய புதுமையன்று. கறுப்பினச் சமயத் தலைவர்களான ரிச்சர்ட் ஆலனும் அப்சலோம் ஜோன்ஸும் 1787-இல் அந்நகரில் நிறுவிய விடுதலை ஆப்பிரிக்கச் சங்கத்தின் உறுப்பினர் ஒவ்வொருவரும் மாதம் ஒரு ஷில்லிங் செலுத்தினர்; நோயுற்றோருக்கும் விதவைகளுக்கும் தந்தையை இழந்த பிள்ளைகளுக்கும் அந்தப் பணம் சென்றது. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக உள்ள பழக்கம் அது. நல்கையின் பணி அதைக் கற்பிப்பதன்று, அதை வங்கிகள் கண்ணில் படச்செய்வது. செலவும் குறைவு: சுழலும் பணம் மக்களுடையது, ஒருங்கிணைப்பாளரின் ஊதியத்துக்கும் யாரேனும் தவணை தவறினால் ஈடுசெய்யும் சிறு காப்புத் தொகைக்கும் மட்டுமே நல்கை வேண்டும். இதன் குறை என்னவெனில், கடன் மதிப்பெண் சொத்துக்கு இட்டுச்செல்லும் வழி மட்டுமே, அதுவே சொத்தாகாது. வாடகைக்கு இருப்பவருக்கு இது முதற்படி. சொந்த வீட்டை இழக்கும் நிலையில் இருப்பவருக்கு இது போதாது.

அந்த வீடுகளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையில் நான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். 2021-இல் பியூ அறக்கட்டளை வெளியிட்ட ஆய்வின்படி, ஃபிலடெல்ஃபியாவில் 10,000-க்கும் மேற்பட்ட வீடுகளின் பத்திரம் இறந்துபோன ஒருவரின் பெயரிலேயே இருக்கிறது. அவற்றின் மொத்த மதிப்பு 110 கோடி டாலருக்கும் மேல். வகுத்துப் பார்த்தால் சராசரியாக வீட்டுக்கு ஒரு லட்சம் டாலருக்குச் சற்றுக் கூடுதல். இவ்வீடுகள் வடக்கு, மேற்கு, தென்மேற்கு ஃபிலடெல்ஃபியாவின் கறுப்பினப் பேட்டைகளிலேயே மிகுதியாக உள்ளன. தாத்தா பெயரில் உள்ள பட்டாவை மாற்றாமல் விட்டு, பேரன் காலத்தில் பத்து வாரிசுகளின் கையெழுத்துக்கு அலையும் குடும்பங்களைத் தமிழ்நாட்டில் அறிந்தவர்களுக்கு இந்த வில்லங்கத்தின் தன்மை உடனே புரியும்.

அங்கே இது நடக்கும் விதத்தைச் சற்று விளக்குகிறேன். கடன் மறுக்கப்பட்ட காலத்தில் பாடுபட்டு ஒரு வீட்டை வாங்கிய பாட்டி உயில் எழுதாமல் இறக்கிறார். உடனிருந்து பார்த்துக்கொண்ட மகள் அதே வீட்டில் தொடர்ந்து வாழ்கிறார், வரியையும் கட்டுகிறார். பத்திரத்தின்படி அவர் உரிமையாளர் அல்லர். கூரை ஒழுகினால் வீட்டின் பேரில் கடன் வாங்க முடியாது, காப்பீட்டு நிறுவனம் அவர் பெயரில் காப்பீடு தரத் தயங்கும், தீப்பிடித்தால் இழப்பீடு கிடைப்பது ஐயம், விற்கவும் முடியாது. பெயர் மாற்ற வேண்டுமானால் நகர மண்டபத்தில் உள்ள உயில் பதிவகத்தில் மனுச் செய்து, பிற வாரிசுகளைத் தேடிப் பிடித்து, கட்டணங்களுடன் மாநில வாரிசு வரியையும் செலுத்த வேண்டும். பென்சில்வேனியாவில் பிள்ளைகளுக்கு அந்த வரி 4.5 விழுக்காடு, உடன்பிறந்தோருக்கு 12 விழுக்காடு. ஒரு லட்சம் டாலர் வீட்டுக்கு மகள் 4,500 டாலர் கட்ட வேண்டும். கையில் அது இல்லாததால் தள்ளிப்போடுகிறார். அவரும் ஒருநாள் இறக்க, சிக்கல் இரட்டிப்பாகிறது. இதற்கிடையில், இறந்தவரின் கையெழுத்தைப் போலியாக இட்டுப் பத்திரத்தைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ளும் திருடர்களும் அந்நகரில் உள்ளனர்; அவர்கள் குறிவைப்பது இத்தகைய வீடுகளையே.

இழந்த சொத்தைத் திரும்பப் பெறுவது கடினம். இருக்கும் சொத்தைக் காப்பது அத்தனை கடினமன்று. ஒரு குடும்பத்துக்கு வழக்கறிஞர் உதவி, கட்டணம், வரி எல்லாம் சேர்த்து 10,000 டாலர் ஆகும் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், அதனால் விடுபடுவது சராசரியாக ஒரு லட்சம் டாலர் மதிப்புள்ள வீடு. மாதப் பணமாகத் தந்த 12,000 டாலர் இரண்டு ஆண்டுகளில் செலவாகித் தீரும். இங்கே அதைவிடக் குறைந்த தொகை பத்து மடங்கு மதிப்புள்ள உடைமையை அதற்குரியவர் பெயரிலேயே நிலைநிறுத்துகிறது. நான் ஒப்பிட்ட தெரிவுகளில் வேறு எதிலும் இந்த விகிதம் கிடைக்கவில்லை. ஃபிலடெல்ஃபியா வி.ஐ.பி. என்ற அமைப்பு ஊதியம் பெறாத வழக்கறிஞர்களைக் கொண்டு இப்பணியைச் செய்வதுடன், கட்டணங்களுக்கென ஒரு தனி நிதியையும் நடத்துகிறது. கம்யூனிட்டி லீகல் சர்வீசஸ் போன்ற இலவசச் சட்ட உதவி அமைப்புகளும் இவ்வழக்குகளை எடுக்கின்றன. ஆகவே, நல்கைக்காகப் புதிய அமைப்பு ஒன்றை உருவாக்க வேண்டிய தேவையும் இல்லை. சட்டத்தின் அச்சமும் இதில் இல்லை, ஏனெனில் இங்கே தகுதி என்பது இனமன்று, இறந்தவர் பெயரில் நிற்கும் பத்திரம். அந்தப் பத்திரம் எந்தப் பேட்டைகளில் குவிந்திருக்கிறது என்பதை வரலாறு ஏற்கெனவே தீர்மானித்துவிட்டது.

இதற்கும் எல்லைகள் உண்டு. முன்னோர் ஒருவராவது வீடு வாங்கிய குடும்பத்துக்கே இது உதவும். ஒருபோதும் வாங்க விடப்படாத குடும்பம் இதிலும் வெளியே நிற்கும். வாரிசுகளுக்குள் பகை இருந்தால் ஒரு கோப்பு முடிய இரண்டு ஆண்டுகளும் ஆகலாம். ஆண்டறிக்கையில் பெரிய எண்ணைக் காட்ட விரும்பும் அறக்கட்டளைக்கு இது பொறுமையைச் சோதிக்கும் பணி. பெயர் மாறியவுடன், ரொக்கமாக வாங்கிக்கொள்கிறோம் என்று தெருமுனைகளில் பலகை மாட்டும் வணிகர்கள் கதவைத் தட்டுவர். நியாயமான விலைக்கு விற்பது அக்குடும்பத்தின் உரிமை; பாதி விலைக்கு ஏமாந்து விற்பதைத் தடுக்க, கோப்பு முடிந்த பின்னும் ஓராண்டு ஆலோசனை தொடர வேண்டும். முன்பு குறைத்துச் சொன்ன தனி ஆலோசகரின் பணி இந்த இடத்தில் முழுப் பயன் தரும்.

எனவே 6 லட்சத்தில் 3,60,000 டாலரைப் பத்திரச் சிக்கல் தீர்க்கும் சட்டப் பணிக்கும், அதற்குரிய கட்டணம், வரி ஆகியவற்றுக்கும் தருவேன். 1,50,000 டாலரை, வாடகைக்கு இருக்கும் குடும்பங்களை மனத்தில் கொண்டு, சீட்டுக் குழுக்களை ஒருங்கிணைக்கத் தருவேன். மீதமுள்ள 90,000 டாலரை அந்தப் பேட்டைகளில் ஏற்கெனவே இயங்கும் சிறு அமைப்புகளுக்குத் தருவேன். பத்திரச் சிக்கல் உள்ள குடும்பங்கள் தாமாக வழக்கறிஞரிடம் வருவதில்லை. அரசு அலுவலகத்திலிருந்து வரும் கடிதத்தைக் கண்டாலே வீடு போய்விடும் என்று அஞ்சி மறைத்து வைப்பவர்கள் பலர். தேவாலயத்திலும் சிகையலங்காரக் கடையிலும் அவர்களை அறிந்த ஒருவர் பேசினால்தான் கோப்பு திறக்கும்.

இந்த 90,000 டாலரைத் தரும் முறை, தொகையைவிட முக்கியமானது. அரசு நல்கைகள் பலவும் முதலில் செலவழியுங்கள், ரசீதுகளைக் காட்டுங்கள், பின்பு பணம் தருகிறோம் என்ற முறையில் அமைந்தவை. வங்கியில் மூன்று மாத இருப்பு உள்ள பெரிய நிறுவனத்துக்கு அதனால் தொல்லையில்லை. இரண்டு பேர் ஊதியம் பெறும் ஒரு பேட்டை அமைப்பு, பணம் வந்துசேரும் வரை ஊதியத்தை நிறுத்த வேண்டியிருக்கும், அல்லது நிர்வாகியின் சொந்தக் கடன் அட்டையைத் தேய்க்க வேண்டியிருக்கும். கறுப்பினத்தவர் தலைமையில் இயங்கும் சிறு அமைப்புகள் பலவும் இருப்பு இல்லாமல் இயங்குபவை என்பதால், இந்த முறை இனச் சமத்துவம் என்று பெயரிட்ட நல்கையையே பழைய கைகளுக்குத் திருப்பி அனுப்பிவிடுகிறது. ஆகவே மூன்று ஆண்டுகளிலும், அந்தந்த ஆண்டுக்கான தொகையை ஆண்டின் தொடக்கத்திலேயே முன்கூட்டித் தர வேண்டும். வாடகைக்கோ ஊதியத்துக்கோ எதற்குச் செலவிடுவது என்பதை அவர்களே முடிவுசெய்யட்டும்.

அறிக்கையில் எத்தனை பேர் வகுப்புக்கு வந்தனர் என்று கேட்கத் தேவையில்லை. எத்தனை பத்திரங்கள் வாழ்வோர் பெயரில் பதிவாயின, அவற்றில் எத்தனை வீடுகளுக்குக் காப்பீடு எடுக்கப்பட்டது, சீட்டு முடித்தவர்களின் கடன் மதிப்பெண் எவ்வளவு மாறியது என்ற மூன்றும் போதும். உடனடி நிதி நலத்தை அறிய, நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு ஆணையம் உருவாக்கிய பத்துக் கேள்விகள் கொண்ட அளவுகோலைத் தொடக்கத்திலும் முடிவிலும் ஒருமுறை பயன்படுத்தலாம். அதற்கு மேல் அக்குடும்பங்களைக் கேள்விகளால் வருத்த வேண்டியதில்லை.

நல்கைக் கடிதத்தில் ஒரு நிபந்தனையை மட்டும் கண்டிப்பாக எழுதுவேன். பத்திரம் மகளின் பெயருக்கு மாறிய அன்றே கோப்பை மூடிவிடக் கூடாது. அதே வழக்கறிஞர், அதே மேசையில், அந்த மகளுக்கு ஓர் உயிலை எழுதிக் கொடுத்துக் கையெழுத்தும் வாங்கிய பிறகே மூட வேண்டும்.